படுக்கையை விட்டெழுந்த வைத்தியம்: புராஸ்டேட் புற்றுநோய்ச் சிகிச்சையில் உடற்பயிற்சி இடம்பெற்ற வரலாறு

நோய் என்றால் படுக்கை. படுக்கை என்றால் ஓய்வு. இவ்வெண்ணம் நம் மக்களிடையே ஆழ வேரூன்றிய ஒன்று. காய்ச்சல் கண்டவர் எழுந்து நடமாடினால் வீட்டார் கடிந்துகொள்வர். புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்துவிட்டாலோ கேட்கவே வேண்டுவதில்லை. தண்ணீர்க் குவளையைக்கூட அவர் தாமே எடுத்துக் குடிக்க விடமாட்டார்கள். அன்பினால் செய்வதுதான் இது, குறை கூறுவதற்கில்லை. ஆயினும், கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாக வைத்திய உலகம் இதற்கு நேர்மாறான ஒன்றைச் சொல்லி வருகிறது. ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர், அச்சிகிச்சை நடக்கும்போதே உடற்பயிற்சியும் செய்தல் வேண்டும் என்பதே அது. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது? உலு யாம் முதல் கோலசிலாங்கூர் வரை வாழும் தோட்டத்து முதியவர்களுக்கு அதனால் ஆகும் பயன் யாது? இவ்விரண்டையும் வரலாற்று முறையில் நோக்குதல் தகும்.

தோட்டமும் ஓய்வும்

வட சிலாங்கூர்த் தமிழரின் வரலாறு உடலுழைப்பின் வரலாறாகும். உலு யாம், பத்தாங் காலி, ராசா, சிரண்டா, கோலகுபு ஆகிய மலையடிவார ஊர்களிலும், மேற்கே பத்தாங் பெர்ஜுந்தை (2007 ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா), ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம் ஆகிய பகுதிகளிலும் கித்தாக் காடுகளை ஆக்கியவர்கள் அவர்களே. விடியுமுன் பிரட்டு, அதன்பின் நானூறு, ஐந்நூறு மரங்கள். ஒவ்வொரு மரத்தின் முன்னும் குனிந்தும் நிமிர்ந்தும் உளி பிடிக்க வேண்டும். பால் வடிந்தபின் மீண்டும் அதே மரங்களைச் சுற்றிவந்து, மங்குகளிலிருந்து வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பின் இரு முனையிலும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இந்நாளில் பணம் கொடுத்துப் பயிற்சிக் கூடங்களில் செய்யப்படும் அசைவுகளில் பல, அந்நாளில் கூலிக்காகக் காட்டில் செய்யப்பட்டவையே.

அவ்வுழைப்பாளிக்கு ஓய்வு எப்போது கிட்டியது? பெரும்பாலும் நோயுற்றபோதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்களில் மலேரியாவால் மாண்டவர் பலர். 1901 முதல் கிள்ளானில் அந்நோயை எதிர்த்துப் போராடிய டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் நீரை வடித்துக் கொசுவைக் குறைத்த முறை உலகப் புகழ் பெற்றது. 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்ட மக்களின் மருத்துவ வசதியை முதலாளிகளின் கடமையாக்கிற்று. தோட்டத்து ஆஸ்பத்திரியும் டிரெசரும் மக்கள் வாழ்வின் அங்கமாயினர். டிரெசர் ‘வேலைக்குப் போக வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தால்தான் பிரட்டிலிருந்து விடுதலை. ஆகவே, தொழிலாளிக்கு ஓய்வு என்பது சோம்பல் அன்று. அரிதிற் கிடைத்த உரிமை. ‘நோயுற்றும் உழை’ என்பது அவர் செவியில் கங்காணியின் குரலாகவே ஒலிக்கும். இதை உணராமல், ‘ஐயா, உடற்பயிற்சி செய்யுங்கள்’ என்று ஒருவர் அறிவுரை கூறினால், அது மனத்திற் பதியாமற் போவதில் வியப்பில்லை.

உடற்பயிற்சி என்பதைத் தமிழர் அறியாதவர் அல்லர். சிலம்பமும் கபடியும் மல்லும் நெடுங்காலமாக உள்ளவை. பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக்கு வழிகோலிய நிகழ்ச்சிகளுள் ஒன்று, 1920 இல் ஹாரி குரோ பக் என்பார் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியதாகும். ஆனால் பயிற்சி என்பது சிறுவர்க்கும் வாலிபர்க்கும் உரியது என்ற எண்ணமே எங்கும் நிலவியது. எழுபது வயது முதியவருக்கு, அதுவும் புற்றுநோயாளருக்கு, அது உரியது என்று எவரும் கருதவில்லை.

நோயின் வரலாறு

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒரு சுரப்பி. மூத்திரப்பையின் அடியில், மூத்திரக் குழாயைச் சுற்றி, பெரிய கொட்டைப்பாக்கைப் போல அமைந்திருப்பது. வயது ஏற ஏற அது பருப்பது இயல்பு. அப்பருமன் எல்லாம் புற்றுநோய் அன்று. 1853 இல் லண்டன் ஆஸ்பத்திரியின் அறுவை மருத்துவர் ஆடம்ஸ் இச்சுரப்பியில் தோன்றிய புற்றுநோய் ஒன்றை நுண்ணோக்கியால் ஆராய்ந்து எழுதியபோது, அதை மிக அரிய நோய் என்றே குறிப்பிட்டார். இந்நோய் முதுமையில் வருவது; அந்நாளில் முதுமையை எட்டியவர்களே குறைவு. ஆயுள் நீள நீள அது வெளிப்பட்டது. மலேசியாவில் இன்று ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் பெருங்குடல், நுரையீரல் ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாம் இடம் இதற்கே. கணிசமானோர் நோய் முற்றிய பின்னரே வைத்தியரிடம் வருகின்றனர்.

1904 இல் அமெரிக்காவில் ஹியூ ஹாம்ப்டன் யங் இச்சுரப்பியை முழுமையாக அகற்றும் அறுவையைச் செய்தார். ஆனால் நோய் பரவிவிட்டவர்களுக்கு அறுவையால் பயனில்லை. அவர்களுக்கு வழி காட்டியவர் சிகாகோவைச் சேர்ந்த சார்ல்ஸ் ஹக்கின்ஸ். ஆண்மை ஹார்மோனாகிய டெஸ்டாஸ்டிரோன் இப்புற்றுக்கு உரம் போன்றது. அதைத் தடுத்தால் புற்று ஒடுங்கும் என்பதை 1941 இல் அவரும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் மெய்ப்பித்தனர். விரைகளை அகற்றியோ, பெண்மை ஹார்மோனைக் கொடுத்தோ அவர்கள் இதைச் செய்தனர். எலும்பு நோவால் துடித்த நோயாளிகள் சில நாட்களிலேயே ஆறுதல் பெற்றனர். இதற்காக 1966 இல் ஹக்கின்ஸுக்கு நோபல் பரிசு கிட்டியது.

அடுத்த படியை அமைத்தவர் ஆண்ட்ரூ ஷாலி. மூளையின் அடிப்பகுதியிலிருந்து பிறந்து, ஆண்மை ஹார்மோன் சுரப்பதற்குக் கட்டளையிடும் பொருளின் அமைப்பை அவருடைய குழுவினர் 1971 இல் கண்டனர். 1977 இல் அவரும் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவரானார். அதைப் போன்ற செயற்கைப் பொருளைத் தொடர்ந்து செலுத்தினால் சுரப்பு நின்றுவிடும் என்பது அறியப்பட்டு, 1985 இல் அமெரிக்காவில் ஊசி மருந்தாக ஒப்புதல் பெற்றது. கத்தியின்றி, மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ ஊசி போட்டுக்கொண்டால் போதும் என்ற நிலை வந்தது. பல்லாயிரவர் ஆயுள் நீண்டது.

மருந்து வாங்கும் விலை

ஆயின், ஆண்மை ஹார்மோன் புற்றை மட்டும் வளர்ப்பதன்று. தசைக்கு உறுதியும், எலும்புக்குச் செறிவும், இரத்தத்துக்குச் செம்மையும் அதனால் அமைகின்றன. அதை அடக்கிய உடலில் தசை கரைகிறது, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது, எலும்பு நொய்ம்மையடைகிறது, திடீர் திடீரென உடல் கொதித்து வேர்க்கிறது, காரணமின்றிக் களைப்பு வந்து அழுத்துகிறது. 2005 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் குறிப்புகளைத் தொகுத்து நோக்கியது. நோய் கண்டபின் ஐந்தாண்டுகளேனும் வாழ்ந்தவர்களுள், ஹார்மோன் தடுப்புச் சிகிச்சை பெற்றவர்களில் 19.4 விழுக்காட்டினர்க்கு எலும்பு முறிவு நேர்ந்தது, பெறாதவர்களில் 12.6 விழுக்காட்டினர்க்கே நேர்ந்தது. 2006 இல் வந்த மற்றோர் ஆய்வு, இவ்வூசி பெறுவோர்க்கு நீரிழிவும் இருதய நோயும் மிகுதியாக வருவதைக் காட்டிற்று.

நம்மவரிடையே நீரிழிவும் இருதய நோயும் ஏற்கெனவே மலிந்தவை. அவற்றின் மேல் இம்மருந்தின் சுமையும் ஏறினால், புற்றுக்குத் தப்பியவர் வேறொன்றுக்கு இரையாகக் கூடும். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியவரின் நிலையை விளக்க வேண்டுவதில்லை. ஆகவே, இது உடலழகைப் பற்றிய பேச்சன்று. உயிரையும், பிறர் கையை எதிர்பாராத வாழ்வையும் பற்றிய பேச்சு.

ஓய்வுக் கொள்கையின் வீழ்ச்சி

மேனாட்டு வைத்தியரும் ஒரு காலத்தில் ஓய்வையே பெருமருந்தாகப் போற்றினர். லண்டன் மருத்துவர் ஜான் ஹில்டன் 1863 இல் வெளியிட்ட நூல், ஓய்வின் குணப்படுத்தும் ஆற்றலை விரித்துரைத்துப் பல தலைமுறைகளுக்கு வழிகாட்டியாயிற்று. மாரடைப்புக் கண்டவரை வாரக் கணக்கில் படுக்கையில் கிடத்துவதே வழக்கமாக இருந்தது.

இக்கொள்கையை முதலில் அசைத்தவர்களுள் ஒருவர் ரிச்சர்ட் ஆஷர். படுக்கையில் நெடுநாள் கிடப்பதால் இரத்தம் உறைவதும், எலும்பு கரைவதும், மனம் குன்றுவதும் நேர்கின்றன என்று 1947 இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எச்சரித்தார். 1952 இல் அமெரிக்காவின் சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லௌனும் மாரடைப்பு நோயாளிகளைப் படுக்கையிலிருந்து எழுப்பி நாற்காலியில் அமர்த்திக் காட்டினர். 1953 இல் ஜெரி மோரிஸ் என்பார் லண்டன் பஸ்களை ஆராய்ந்தார். நாள் முழுதும் அமர்ந்திருக்கும் ஓட்டுநர்களைவிட, இரண்டு அடுக்குப் பஸ்ஸில் படியேறி இறங்கும் நடத்துநர்களுக்கு மாரடைப்புக் குறைவு என்று கண்டார். ஒரே கம்பெனி, ஒரே பஸ், ஒரே சாலை. வேறுபாடு கால்களின் உழைப்பில்தான் இருந்தது.

இருதயத்துக்கு வந்த இந்த அறிவு புற்றுநோய்க்கு வர மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. 1980களில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் மேரில் வின்னிங்ஹாம், மேரி மெக்விகர் என்னும் தாதியர் துறை ஆய்வாளர் இருவர், மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து பெறும் பெண்களை நிலையான சைக்கிளில் பயிற்சி செய்யவைத்தனர். அப்பெண்கள் தளரவில்லை, முன்னிலும் வலுவடைந்தனர். நோயாளியின் அருகில் நெடுநேரம் நிற்பவள் தாதி. இத்துறையில் அவளே முன்னோடியாக நின்றது பொருத்தமே.

ஆண்களுக்கு வந்த பயிற்சி

புராஸ்டேட் நோயாளரைப் பொறுத்தவரை ஒரு தனி ஐயம் இருந்தது. பளு தூக்கினால் தசை வளரும்; அத்துடன் ஆண்மை ஹார்மோனும் ஏறிப் புற்றை எழுப்பிவிடாதா? இவ்வினாவுக்கு விடை காண உதவிய பெரிய ஆய்வு கனடாவில் நடந்தது. டாக்டர் ரோஆன் சீகலும் அவர் குழுவினரும், ஹார்மோன் தடுப்புச் சிகிச்சை பெறும் 155 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது போல இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் வாரம் மூன்று நாள், பன்னிரண்டு வாரம் பளுப் பயிற்சி செய்தனர், மற்றவர் காத்திருந்தனர். 2003 இல் முடிவு வெளிவந்தது. பயிற்சி செய்தவர்களின் களைப்புக் குறைந்தது. கைகால் வலிமை கூடிற்று. வாழ்வில் நிறைவும் மிகுந்தது. 2006 இல் ஆஸ்திரேலியர் நடத்திய சிறிய ஆய்வு ஒன்றிலும், இருபது வாரப் பளுப் பயிற்சிக்குப் பின் ஆண்மை ஹார்மோனோ நோயைக் காட்டும் இரத்த அளவோ உயரவில்லை. பழைய அச்சம் ஆதாரமற்றது என்பது தெளிவாயிற்று.

பளுவின்றி வெறும் நடையாலும் பயன் உண்டு. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற 66 பேரை வைத்து ஆராய்ந்து 2004 இல் முடிவு வெளியிட்டனர். பாதிப் பேரிடம், வாரத்தில் மூன்று நாளேனும் அரைமணி நேரம் நடக்கும்படி கூறினர். மற்றப் பாதியினரிடம், களைப்பாக இருந்தால் ஓய்வு கொள்ளும்படி கூறினர். சிகிச்சை முடிந்தபோது, ஓய்வு கொண்டவர்களின் களைப்பே மிகுந்திருந்தது. ஓய்வு களைப்பைப் போக்கும் என்பது பொது அறிவு. இங்கு அது களைப்பை வளர்த்தது. நடந்தவர்களுக்கு அத்தகைய ஏற்றம் இல்லை.

2010 இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் டேனியல் கல்வாவோ, ராபர்ட் நியூட்டன் குழுவினர் பளுப் பயிற்சியையும் மூச்சு வாங்கும் பயிற்சியையும் சேர்த்து 57 பேரிடம் சோதித்தனர். பன்னிரண்டு வாரங்களில், மருந்து கரைத்துக்கொண்டிருந்த தசை மீண்டும் கூடிற்று. டென்மார்க்கில் இதே நிலையிலுள்ள முதியவர்களைக் கால்பந்தாட வைத்தனர். 2014 இல் வெளிவந்த அவ்வாய்வில் ஆடியவர்களின் சராசரி வயது அறுபத்தேழு. தசை கூடியது, வலிமை கூடியது. சிலர் காயமுற்றதும் உண்டு. அதை ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. தோட்டத்துத் திடலில் மாலைதோறும் பந்தாடி வளர்ந்த நம் முதியவர்களுக்கு இச்செய்தி இனிக்கும்.

நம் நாட்டு யோகத்துக்கும் இதில் இடமுண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில், கதிர்வீச்சுப் பெறும் நோயாளிகள் வாரம் இருமுறை யோகப் பயிற்சி செய்தனர். 2017 இல் வெளியான முடிவின்படி, பயிற்சி செய்யாதவர்களைவிட அவர்களுக்குக் களைப்புக் குறைவு; சிறுநீர் உபாதையும் குறைவு.

அறுவைக்குப் பின் சிறுநீர் தானே கசிவது பலரை வீட்டுக்குள் முடக்கிவிடும் இன்னலாகும். வெட்கத்தால் கோயிலுக்கும் திருமணத்துக்கும் போகாது ஒதுங்குவோர் உண்டு. மகப்பேற்றுக்குப் பின் பெண்களுக்கு வரும் இதே குறைக்காக ஆர்னால்ட் கீகல் 1948 இல் ஒரு பயிற்சியை விளக்கினார். சிறுநீரை அடக்குவது போல அடிவயிற்றுக் கீழ்த்தசையை இறுக்கித் தளர்த்துவதே அது. 2000 ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் லூவன் நகரத்தார் அதை 102 ஆண்களிடம் சோதித்தனர். மூன்று மாதத்தில், முறையாகப் பயின்றவர்களில் 88 விழுக்காட்டினர் கசிவு நீங்கினர். மற்றவர்களில் 56 விழுக்காட்டினரே நீங்கினர்.

அறிவுரை விதியான காலம்

இவ்வாறு சேர்ந்த சான்றுகள் நாளடைவில் விதிகளாயின. பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டிக் கழகம் 2014 இல், ஹார்மோன் தடுப்புச் சிகிச்சை பெறும் ஆண்களுக்கு, வாரம் இருமுறையேனும் பன்னிரண்டு வாரம் மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி அளிக்க வேண்டும் என்றது. ஆஸ்திரேலியப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2018 இல், எல்லாப் புற்றுநோயாளர்க்கும் பயிற்சி சிகிச்சையின் ஒரு கூறாக வேண்டும் என்று அறிவித்தது. 2019 இல் வெளிவந்த அனைத்துலக அறிஞர் குழுவின் அறிக்கை அளவையும் வரையறுத்தது: வாரம் மூன்று நாள் அரைமணி நேரம் மூச்சு சற்று வாங்கும்படியான நடை அல்லது அது போன்ற பயிற்சி, வாரம் இரு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி.

பயிற்சி ஆயுளை நீட்டுமா என்ற வினாவுக்கு அளந்தே விடை கூற வேண்டும். 2011 இல் 2705 நோயாளிகளைப் பற்றி வெளிவந்த அமெரிக்க ஆய்வில், வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கடுமையாக உழைத்தவர்கள் இந்நோயால் இறப்பது 61 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆனால் அது கவனித்து எழுதிய கணக்கு. வலுவுள்ளவரே மிகுதியாக உழைத்திருக்கவும் கூடும். பெருங்குடல் புற்றுநோயில் மட்டும், 889 பேரைக் கொண்டு நடத்தி 2025 இல் வெளியிட்ட சோதனை, மூன்றாண்டுப் பயிற்சி ஆயுளை நீட்டுவதை நேராகவே காட்டிற்று. புராஸ்டேட் நோயில் உறுதியாகச் சொல்லத்தக்கவை களைப்புக் குறைதல், வலிமை கூடல், வாழ்க்கை நலம் ஆகியவையே. பயிற்சி ஊசிக்கு மாற்றன்று, ஊசிக்குத் துணை. மருந்தை நிறுத்திவிட்டு நடக்கப் புறப்படுவது பெரும் பேதைமை.

எச்சரிக்கையும் வேண்டும். நோய் எலும்புக்குப் பரவியவர்கள் பயிற்சியே செய்யலாகாது என்பதில்லை. 2013 இல் பெர்த் நகரத்தார் அத்தகையோரையும், நோயுற்ற எலும்பின் மேல் பளு விழாதவாறு அமைத்த பயிற்சியில் பாதுகாப்பாக ஈடுபடுத்தினர். ஆனால் எந்த எலும்பில் நோய் உள்ளது என்பதை அறிந்த வைத்தியரின் சொற்படியே அவர்கள் செய்ய வேண்டும். மார்பு வலி, தலைச்சுற்றல், புதிதாக முதுகுவலி, கால் மரத்தல் ஆகியவை தோன்றினால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குச் செல்லல் வேண்டும்.

தோட்டத்து முதியவர்க்கு

கித்தா மரங்கள் பலவும் செம்பனைக்கு இடம் விட்டன. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் இடிந்து தாமான் வீடுகள் எழுந்தன. நாற்பதாண்டு காண்டாச் சுமந்த தோள் இன்று நாற்காலியில் சாய்ந்திருக்கிறது. ‘உழைத்த உடம்பு, எதையும் தாங்கும்’ என்று அவர் நம்புகிறார். அந்நம்பிக்கைக்கு உடலியல் இடம் தரவில்லை. தசை சேமிப்புப் பணமன்று, பயன்படுத்தாவிடின் கரைந்துபோவது. ஊசி அக்கரைவை விரைவுபடுத்துகிறது.

இதற்குப் பயிற்சிக் கூடமும் பணமும் வேண்டுவதில்லை. விடியற்காலையில் எழும் பழக்கம் அவரிடம் இருக்கிறது. பள்ளித் திடலும் கோயில் வளாகமும் அருகில் உள்ளன. கைப்பிடியற்ற நாற்காலியிலிருந்து கையூன்றாது பத்துமுறை எழுந்து அமர்வதும், தண்ணீர் நிரப்பிய போத்தல் இரண்டைத் தூக்கி இறக்குவதும், சுவரில் கை வைத்து உடலைத் தள்ளுவதும் வைத்தியர் ஒப்பினால் போதிய தொடக்கமாகும். தனியே செய்வதினும் நான்கைந்து பேர் கூடிச் செய்வது நிலைக்கும். அக்கூட்டத்தில் இன்னொரு நன்மையும் விளையும். ஆண்கள் இந்நோயைப் பற்றி வாய் திறப்பதில்லை, மனைவியிடம்கூட மறைப்பர். அருகில் நடப்பவருக்கும் இதே ஊசி என்று அறிந்தால் நாக்கு அவிழும். ஒருவர் சொல்லக் கேட்டு மற்றொருவர் காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவார்.

வீட்டாரும் தங்கள் அன்பின் வடிவத்தைச் சற்று மாற்றிக்கொள்ளுதல் நலம். எல்லாவற்றையும் கையில் கொண்டுவந்து கொடுப்பதைவிட, உடன் எழுந்து வாசல்வரை, பிறகு தெருமுனைவரை நடப்பது மேலான பணிவிடை. அன்று தோட்டத்து மனிதனின் உடல் பிறர் ஏவலுக்காக உழைத்தது. எவ்வளவு உழைத்தாலும் அதன் பயன் பிறர்க்கே பெரிதும் சென்றது. இன்று அவர் விடியலில் நடக்கும் அரைமணி நேரத்தின் பயன் முழுதும் அவருக்கே உரியது.